2001 ஸ்ப்ளெண்டருக்கு எந்த ஆயில்? ஆளுக்கொன்னு சொல்றாங்க

வெண்ணாத்தங்கரை:

வணக்கம் எல்லாருக்கும், நீடாமங்கலம் பக்கத்துலேந்து எழுதுறேன். அப்பா வண்டி, 2001 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். மீட்டர் 83 ஆயிரம் காட்டுது, ஆனா நடுவுல ரெண்டு வருஷம் கேபிள் அறுந்து சும்மா கெடந்துச்சு, அதனால லட்சம் தாண்டிருக்கும்னு வச்சுக்கங்க. இன்ஜின் இதுவரைக்கும் பிரிச்சதே இல்ல. ஓட்டம்னு பாத்தா காலையில பால் கேன் ரெண்ட கட்டிக்கிட்டு சொசைட்டிக்கு, அங்கேந்து வயலுக்கு, மத்தியானம் வீடு, சாயந்தரம் மறுபடி வயல், எல்லாமே ரெண்டு மூணு கிலோமீட்டர் தான், அதுவும் ஆத்தங்கரை கப்பி ரோட்டுல செகண்டு தேர்டு கியர்லயே போவும். உர மூட்டை ஏத்துற அன்னிக்கு சொல்லவே வேணாம்.

இப்ப பிரச்சனை என்னன்னா காலையில மொத கிக்குல சைலன்சர்லேந்து நீலமா ஒரு கும்பு பொகை வருது, ஒரு நிமிஷத்துல நின்னுடுது. டேப்பெட் பக்கம், அதான் இன்ஜின் தலையில வால்வு இருக்குற எடத்துல, கடகடன்னு சத்தம், போன மாசத்துலேந்து ஜாஸ்தி. ஆயில் ஊத்துற மூடிய தொறந்தா உள்பக்கம் வெள்ளையா வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆயில் கொறஞ்சிருக்கான்னு பாத்தா டிப் ஸ்டிக்குல, அந்த மூடியோடயே இருக்குற அளவு குச்சில, மேல்கோடு வரைக்கும் இருக்கு. ஐப்பசில மாத்துனது, அதுக்கப்புறம் ஒரு ஆயிரத்து நூறு கிலோமீட்டர் ஓடிருக்கும்.

மெக்கானிக்கு சொல்றாரு வண்டி தேஞ்சு போச்சு, 20டபிள்யூ50 திக்கா ஊத்து, சத்தமும் நிக்கும் பொகையும் நிக்கும்னு. கடைப் பையன் அத விட எளக்கமான ஃபுல் சிந்தெடிக் 10-30 எடுத்து நீட்டி இத ஊத்துனா புது வண்டி மாதிரி ஓடும்ங்கறான். எங்க சித்தப்பா அதெல்லாம் காசுக்கு கேடு, டிராக்டருக்கு வாங்குன 20 லிட்டர் பக்கெட்டுல 15-40 மிச்சம் கெடக்கு, அதயே ஊத்துடாங்கறாரு. அப்பா எதையாச்சும் ஊத்து அறுப்பு நேரத்துல வண்டிய நிறுத்தாதங்கறாரு. நான் யாரு பேச்ச கேக்குறது?


மன்னை பாய்:

கம்பெனி ஆயில் 10-30 ஊத்துங்க ப்ரோ. ஓவரா யோசிக்காதீங்க.


வேதாரண்யம் உப்புக்காத்து:

மூடில வெள்ளையா இருக்குன்னா இன்ஜினுக்குள்ள தண்ணி எறங்கிருச்சு தம்பி, எந்த ஆயில்ங்கற கேள்வியே அப்புறம் தான். 2018ல கஜா அடிச்சப்ப எங்க வீட்டு சிடி 100 பைக்கு மரத்துக்கு அடியில சாஞ்சு ரெண்டு நாள் தண்ணிலயே கெடந்துச்சு. மூணாம் நாள் எடுத்து ஆயில் போல்ட கழட்டுனா மொதல்ல தண்ணியா வந்து அப்புறம் பால் விட்ட டீ மாதிரி வந்துச்சு. பக்கத்து வீட்டு பையன் அவசரப்பட்டு அவன் வண்டிய கிக்கர மிதிச்சான், உள்ள தண்ணி நின்னா பிஸ்டன் தண்ணிய அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சு வேலையாயிடுச்சு. நான் பிளக்க கழட்டி வச்சுட்டு தான் மெதுவா கிக்கர மிதிச்சேன், பிளக் ஓட்டை வழியா தண்ணி பீச்சி அடிச்சுது. அப்புறம் மலிவா ஒரு ஆயில ஊத்தி அஞ்சு நிமிஷம் நின்ன எடத்துலயே ஓட்டி வடிச்சேன், திரும்ப ஒரு தடவை அதே மாதிரி. மூணாவது தடவை தான் நல்ல ஆயில். வண்டி இன்னிக்கும் ஓடுது. நீங்களும் மொதல்ல வடிச்சு கலர பாருங்க.


கும்மோணம் ஒர்க்‌ஷாப்:

தம்பி, எந்த ஆயில்னு சொல்றதுக்கு முன்னாடி சில விஷயம் கேட்டுக்கணும். உப்புக்காத்து அண்ணன் சொன்னது வெள்ளத்துல நின்ன வண்டிக்கு ரொம்ப சரி, அந்த பிளக்க கழட்டுற விஷயம் எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது. ஆனா உன் வண்டி கேஸ் அது இல்லன்னு தான் நெனைக்கிறேன். உன் வண்டி காத்துல ஆறுற இன்ஜின், உள்ள கூலன்ட் தண்ணியெல்லாம் கெடையாது. ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துறீங்க, இன்ஜின் ஒழுங்கா சூடாவே ஆவுறதில்ல. பெட்ரோல் எரிஞ்சா தண்ணி ஆவி வரும், அதுல கொஞ்சம் பிஸ்டன் ரிங்க தாண்டி கீழ எறங்கும், இன்ஜின் நல்லா சூடானா அது ஆவியாவே பிரீதர் டியூப் வழியா வெளிய போயிடும், சூடாவலன்னா மேல ஜில்லுனு இருக்குற மூடில போயி படிஞ்சு ஆயிலோட கலந்து வெண்ணெயா நிக்கும். மார்கழி தைல பனி கொட்டுறப்ப இது பால்காரங்க வண்டி பாதிக்கு இருக்கும். மூடில மட்டும் வெள்ளை, டிப் ஸ்டிக்குல ஆயில் நெறம் சுத்தமா இருக்குன்னா பயப்படாத. ஒரு நாள் கும்மோணம் வரைக்கும் ஒரே ஓட்டமா ஓட்டிட்டு வந்து மூடிய தொடச்சு விடு, போயிடும். டிப் ஸ்டிக்குலயே டீ கலர் இருந்தா தான் அண்ணன் சொன்ன வைத்தியம்.

அடுத்தது டிப் ஸ்டிக். நீ அத எப்படி பாக்குற? மூடிய திருகி கழட்டி, தொடச்சு, திரும்ப உள்ள விட்டு திருகி முறுக்கிட்டு எடுத்து பாக்குறியா? அப்படின்னா நீ பாக்குறது தப்பு கணக்கு. இந்த வண்டிக்கு குச்சிய உள்ள விட்டு மூடி வாய்ல சும்மா ஒக்கார வைக்கணும், திருகக்கூடாது. திருகுனா குச்சி இன்னும் ஆழமா எறங்கும், ஆயில் கம்மியா இருந்தாலும் மேல்கோட்ட தொடும். மெயின் ஸ்டாண்டு போட்டு, தரை மட்டமா இருக்கணும், களத்துமேட்டுல சாச்சு வச்சுகிட்டு பாக்காத. ரெண்டு மூணு நிமிஷம் ஐடில்ல ஓட்டி ஆஃப் பண்ணி, ஆயில் கீழ எறங்க ரெண்டு மூணு நிமிஷம் விட்டு பாரு. பாத்துட்டு வந்து சொல்லு.

மூணாவது பொகை. நீலப் பொகைன்னா ஆயில் எரியுது, அதுல சந்தேகம் இல்ல. எங்கேந்து எறங்குதுங்கறது தான் கேள்வி. காலையில மொத கிக்குல மட்டும் ஒரு கும்பு வந்து நின்னுட்டா முக்காவாசி வால்வு சீல், வால்வு தண்டுல ஆயில தடுக்குற ரப்பர். ராத்திரி முழுக்க வால்வு தண்டு வழியா சொட்டு சொட்டா எறங்கி நின்ன ஆயில் காலையில எரியுது. ஆக்சிலேட்டர முறுக்க முறுக்க பின்னாடியே பொகை வந்துகிட்டே இருந்தா அது ரிங்கு, போரு (பிஸ்டன் ஓடுற சிலிண்டர் உள்பக்கம்). இன்னொரு சோதனை இருக்கு, இறக்கத்துல கியர்லயே ஆக்சிலேட்டர முழுசா விட்டுட்டு எறங்கி, கீழ வந்ததும் முறுக்கணும், அப்ப குபுக்குன்னு வந்தா வால்வு சீல் தான், ஏன்னா ஆக்சிலேட்டர மூடுறப்ப இன்ஜின் உறிஞ்சுற உறிஞ்சு சீல் வழியா ஆயில இழுக்கும். நம்ம ஊர்ல இறக்கத்துக்கு எங்க போறது, ரயில்வே மேம்பாலம் எதாச்சும் பாத்து எறங்கு. பின்னாடி ஒருத்தன ஒக்கார வச்சு திரும்பி பாக்க சொல்லு, நீ திரும்பி பாக்காத.

இதோட பிளக்கையும் கழட்டி பாரு. கருப்பா ஈரமா எண்ணெய் பூசுன மாதிரி இருந்தா ஆயில், கருப்பா காஞ்ச கரி மாவு மாதிரி இருந்தா அது கார்புரேட்டர் ரிச்சா, பெட்ரோல் ஜாஸ்தியா விடுது, ஆயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இதெல்லாம் பாக்காம திக்கான ஆயில ஊத்துறது சொரம் வந்த ஆளுக்கு கம்பளிய போத்துற மாதிரி தான்.


ஒரத்தநாடு டிராக்டர்:

கும்மோணம் அண்ணே நீங்க பெரிய ஆளு ஒத்துக்கிறேன், ஆனா நான் பத்து வருஷமா என் பாக்ஸர் பைக்குக்கு டிராக்டர் ஆயில் 15-40 தான் ஊத்துறேன் ஒன்னும் ஆவல. பாவம் அந்த சித்தப்பாவ ஏன் எல்லாரும் முட்டாளாக்குறீங்க. கம்பெனிக்காரன் டப்பாவ மாத்தி பேர மாத்தி விக்கிறான் அவ்வளவு தான்.


கும்மோணம் ஒர்க்‌ஷாப்:

ஒன்னும் ஆவலன்னா உங்க நேரம் நல்லா இருக்கு. 🙂 சண்டைக்கு வரல, காரணத்த மட்டும் சொல்லிடுறேன். டிராக்டர்ல கிளட்ச்சுக்கு தனி எடம், கியருக்கு தனி ஆயிலு. நம்ம பைக்குல இன்ஜின், கியரு, கிளட்ச் மூணும் ஒரே ஆயில்ல குளிக்குது. கிளட்ச் தட்டு ஆயிலுக்குள்ளயே இருந்து புடிக்கணும். அதுக்குன்னு ஜப்பான்காரன் வச்ச தரம் தான் ஜாசோ எம்ஏ, எம்ஏ2. பைக் ஆயில் டப்பா பின்னாடி சின்ன கட்டம் போட்டு எழுதியிருப்பான். எம்பின்னு போட்டது கியர்லெஸ் ஸ்கூட்டருக்கு, வழவழப்பு ஜாஸ்தி, அத பைக்குல ஊத்துனா ஏத்தத்துல கிளட்ச் வழுக்கும். டீசல் ஆயில் பக்கெட்டுல இந்த முத்திரை இல்லன்னா கிளட்ச்சுக்கு எப்படி இருக்கும்னு யாரும் சோதிச்சு பாக்கலன்னு அர்த்தம், உங்க வண்டில நீங்க சோதிச்சுட்டு இருக்கீங்க.

இந்த தம்பி வண்டிக்கு அத வேணாம்ங்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. டீசல் இன்ஜின்ல புகைக்கரி ஜாஸ்தி, அத கழுவி எடுக்க அந்த ஆயில்ல மருந்து ஜாஸ்தி போட்டிருப்பான், அது எரிஞ்சா சாம்பல் விழும். ஆயில் குடிக்காத வண்டில பரவால்ல. ஏற்கனவே ஆயில் எரியிற வண்டில ஊத்துனா சாம்பல் எல்லாம் பிஸ்டன் தலையிலயும் வால்வுலயும் பிளக்குலயும் தான் போயி ஒக்காரும்.


ஆர்எக்ஸ் மாயவரம்:

நடுவுல பூந்துக்கிறேன் மன்னிக்கணும். எங்கிட்ட 1994 ஆர்எக்ஸ் 100 இருக்கு, போன வருஷம் ஊருக்கு போயிருந்தப்ப மச்சான் எடுத்துட்டு போயி டூடி (டூ ஸ்ட்ரோக் ஆயில்) டேங்க்ல ஃபோர் டி, அதான் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில ஊத்திட்டான், அவனுக்கு ஆயில்னா எல்லாம் ஒன்னு தான். டூ ஸ்ட்ரோக்ல ஆயில் பெட்ரோலோட சேந்து எரிஞ்சே ஆவணும், அதுக்கு தான் டூடி தனியா வருது. ஃபோர் டி அப்படி சுத்தமா எரியாது. ரெண்டு நாளைக்கு ஒரு பிளக்கு போச்சு, சைலன்சர் கழட்டுனா தார் மாதிரி, கட்டைய வச்சு சுரண்டி எடுத்தோம். கியர் பாக்ஸுக்கு வேற தனியா ஆயில் ஊத்தணும் அதுல, அத மறந்துட்டு டூடிய மட்டும் பாத்துகிட்டு இருந்து கியர் நாசமா போன வண்டியெல்லாம் நம்ம ஊர்ல நெறைய. ஸ்ப்ளெண்டர்காரங்களுக்கு இந்த தலைவலி இல்ல, ஒரே ஆயில், குடுத்து வச்சவங்க.


பாவநாசம் எக்ஸ்எல்:

அப்ப எக்ஸ்எல் சூப்பருக்கு பெட்ரோல்ல எவ்வளவு டூடி கலக்குறது? கேனுல நானே தான் ஊத்துறேன், கணக்கு இல்லாம.


ஆர்எக்ஸ் மாயவரம்:

லிட்டருக்கு 20 மில்லி. ஜாஸ்தி ஊத்துனா நல்லதுன்னு நெனைக்காதீங்க, கரி தான் கட்டும். எக்ஸ்எல் 100க்கு இது கெடையாது, அது ஃபோர் ஸ்ட்ரோக்.


வெண்ணாத்தங்கரை:

கும்மோணம் அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். மேம்பாலத்துக்கு தம்பிய பின்னாடி ஒக்கார வச்சு போனேன், எறங்கி முறுக்குனதும் "வருது வருது"ன்னு கத்துறான், அப்புறம் நேர் ரோட்டுல முறுக்குனப்ப ஒன்னும் காணும்ங்கறான். பிளக் கருப்பா ஈரமா இருக்கு, ஆனா ரொம்ப மோசமில்ல. பிரீதர் டியூப்ப கழட்டி கைய வச்சு பாத்தேன், லேசா மூச்சு விடுற மாதிரி இருக்கு, பெருசா பொகை இல்ல. மூடி வெள்ளை கும்மோணம் போயிட்டு வந்ததுமே முக்காவாசி போயிடுச்சு, நீங்க சொன்னது சரி தான்.

ஆனா டிப் ஸ்டிக் விஷயம் தான் எனக்கு தூக்கி வாரி போட்டுச்சு. திருகாம பாத்தா குச்சி நுனியில ஒரு பொட்டு மாதிரி தான் ஆயில் தெரியுது, கீழ்கோட்டுக்கே வரல! திருகி பாத்தா அதே ஆயில் மேல்கோட்டுல நிக்குது. ரெண்டு மூணு தடவை மாத்தி மாத்தி பாத்தேன். அப்பா இருவது வருஷமா திருகி தான் பாக்குறாரு. சந்தேகம் தீரலன்னு பழைய வாட்டர் கேன வெட்டி கீழ வச்சு வடிச்சேன், ஒரு லிட்டர் பால் அளக்குற குவளையில ஊத்தி பாத்தா பாதி கூட தேறல. ஐப்பசில 900 மில்லி பேக் முழுசா ஊத்துனத நானே நின்னு பாத்தேன். அப்ப 450 மில்லிக்கு மேல ஆயிரத்து நூறு கிலோமீட்டர்ல பொகையா போயிருக்கு. கீழ ஒழுகுன கறையும் இல்ல. டேப்பெட் சத்தம் ஆயில் இல்லாம தானா?


கும்மோணம் ஒர்க்‌ஷாப்:

பாதி ஆயில்ல ஓடிட்டு இருந்த வண்டி சத்தம் போடாம என்ன பண்ணும். மேல வால்வ தொறந்து மூடுற கேமு, ராக்கர் இருக்குற எடத்துக்கு ஆயில் ஏறுறது தான் கடைசி, கொறஞ்சா மொதல்ல அங்க தான் கஷ்டம். நல்ல வேளை பாத்துட்ட. உடனே புது ஆயில ஊத்து, காலியா வச்சு ஸ்டார்ட் பண்ணிடாத.

நீ சொன்ன அறிகுறியெல்லாம் வால்வு சீலு தான். ரிங்கு இன்னும் நல்லா இருக்கு போல, கம்ப்ரஷன் சந்தேகமா இருந்தா கிக்கர மிதிச்சு பாரு எதிர்க்குதான்னு, பிளக் ஓட்டை வழியா ஒரு கரண்டி ஆயில ஊத்திட்டு மிதிச்சா திடீர்னு எதிர்ப்பு கூடுச்சுன்னா தான் ரிங்கு தேஞ்சிருக்கு. கூடலன்னா ஹெட்ட மட்டும் எறக்கி ரெண்டு சீல மாத்தி, வால்வு தண்டு கைடுல ஆடுதான்னு பாத்து, லேப்பிங் பண்ணி (வால்வு ஒக்கார்ற எடத்த தேச்சு சரி பண்ணி) போட்டா போதும். போர் பண்ணணும், பிஸ்டன் கிட்டு போடணும்னு எவனாச்சும் சொன்னா போர அளந்து காட்டுன்னு கேளு.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். ஆயில் நம்பர்ல முன்னாடி வர்ற எண், டபிள்யூ போட்டது, குளிர்ல எவ்வளவு எளக்கமா இருக்குங்கறது. பின்னாடி வர்ற 30, 40, 50 தான் நூறு டிகிரி சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்குதுங்கறது. நம்ம பக்கம் மார்கழி விடியக்காலையில கூட பதினஞ்சு டிகிரிக்கு கீழ எறங்குறது அபூர்வம், அதனால 10க்கும் 20க்கும் பனி ஊர்க்காரங்க பாக்குற மாதிரி நாம பாக்க வேண்டியதில்ல. கம்பெனி இப்ப சொல்றது 10-30, புது வண்டிக்கும் நல்லா இருக்குற வண்டிக்கும் நானும் அத தான் ஊத்துறேன், மைலேஜுக்கும் நல்லது. லட்சம் ஓடி, மூட்டை ஏத்தி, சித்திரை வெயில்ல செகண்டு கியர்ல போற உன் வண்டிக்கு 20-40 ஊத்து. பழைய ஸ்ப்ளெண்டருக்கு எங்க பட்டறையில வழக்கமா போறது அது தான். 20-50 வேணாம். ஒரு பத்து நாள் சத்தம் அடங்குன மாதிரி இருக்கும், அது சத்தத்த மூடி வைக்கிறது. இது 97 சிசி சின்ன இன்ஜின், சின்ன பம்பு, கெட்டி ஆயில் காலையில மேல ஏற நேரமாவும், இழுவையும் கொறையும். புல்லட்டுக்கு ஊத்துறது புல்லட்டோட இருக்கட்டும். ஃபுல் சிந்தெடிக் கெடுதல் இல்ல, ஆனா எரிச்சு பொகையா விடுற வண்டில எழுநூறு எண்ணூறு ரூவாய எரிக்கணுமா? சீல் மாத்துன பெறகும் உன் ஓட்டத்துக்கு அது தேவையில்ல.

இன்னொன்னு. ஹெட் எறக்குற அன்னிக்கே கிளட்ச் கவரையும் தொறக்க சொல்லு. ஆயில் ஃபில்டர் மாத்துனேன்னு சொல்லி காசு வாங்குவானுங்க, இந்த வண்டில பேப்பர் ஃபில்டரே கெடையாது. கிராங்க் முனையில ஒரு கிண்ணம் மாதிரி சுத்துற ஃபில்டர் இருக்கு, அது சுத்துற வேகத்துல அழுக்கு எல்லாம் ஓரத்துல போயி ஒட்டிக்கும், கீழ ஒரு கம்பி வலை வேற. ரெண்டையும் வெறும் ஆயில் மாத்துறப்ப யாரும் தொடுறதில்ல. உங்க வண்டில இன்ஜின் பிரிச்சதே இல்லன்னா இருவது வருஷ வண்டல் அதுக்குள்ள இருக்கும்.


திருவாரூர் ஸ்பேர்ஸ்:

கும்மோணத்தார் எல்லாத்தையும் சொல்லிட்டாரு, கடைக்காரனா நான் ரெண்டு சொல்றேன். டப்பாவுல ஏபிஐங்கற ஆயில் தர முத்திரையில எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என்னு போட்டிருக்கும், எழுத்து பின்னாடி போவ போவ புதுசு, எஸ்எல் 2001ல வந்தது எஸ்என் 2010ல வந்தது. எஸ்ஜே கேக்குற வண்டிக்கு எஸ்எல் ஊத்தலாம், தப்பில்ல. ஆனா அந்த எழுத்து ஒசத்தியா இருக்குன்னு கார் ஆயில எடுத்துட்டு போயிடாதீங்க, காருக்கு மைலேஜுக்குன்னு வழுக்குற மருந்து போட்டு வருது, ஜாசோ எம்ஏ முத்திரை இருக்கான்னு பாத்துட்டு தான் வாங்கணும். முத்திரை இருந்தா சர்வோ ஆனாலும் கேஸ்ட்ரால் ஆனாலும் ஹீரோ டப்பா ஆனாலும் உங்க வண்டிக்கு போதும், பிராண்டு சண்டை போட வேணாம்.

ரெண்டாவது, காலி டப்பாவ பட்டறையில அப்படியே விட்டுட்டு வராதீங்க. மூடியோட நல்ல டப்பாவா கெடச்சா வெல குடுத்து வாங்கிட்டு போறதுக்கு ஆளு இருக்கு, அதுல என்னத்த ஊத்தி திரும்ப விப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஆணிய எடுத்து ஒரு குத்து குத்திட்டு வாங்க. வாங்குறப்ப மூடிக்கு கீழ சீல் ஒழுங்கா ஒட்டிருக்கா, தயாரிச்ச தேதியும் பேட்ச் நம்பரும் அழியாம இருக்கான்னு பாருங்க. எம்ஆர்பிய விட நூறு ரூவா கம்மின்னு ரோட்டோரத்துல குடுத்தா நான் வாங்க மாட்டேன், நீங்களும் வாங்காதீங்க.


மன்னை பாய்:

நான் தான் மொதல்லயே கம்பெனி ஆயில்னு சொன்னேன். 😄


கும்மோணம் ஒர்க்‌ஷாப்:

நீ சொன்ன கம்பெனி ஆயில ஊத்திருந்தாலும் திருகி தான் அளந்திருப்பாரு, அதுவும் மூணு மாசத்துல பாதி ஆயிருக்கும்.


வலங்கைமான் வாத்தியார்:

எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தணும்னு யாரும் சொல்லலயே? என் பேஷன் பிளஸ்ஸுக்கு நான் 3000 கணக்கு வச்சிருக்கேன், பள்ளிக்கூடம் போக வர பதினாலு கிலோமீட்டர்.


கும்மோணம் ஒர்க்‌ஷாப்:

ஐயா உங்க ஓட்டத்துக்கு 3000 சரி தான், ஒரே தடவையில ஏழு கிலோமீட்டர் போறதுல இன்ஜின் சூடாயிடும். இந்த தம்பி வண்டி மாதிரி ரெண்டு ரெண்டு கிலோமீட்டரா நிறுத்தி நிறுத்தி ஓடுற வண்டிக்கு மீட்டர பாத்தா ஆவாது. எரியாத பெட்ரோலும் அந்த தண்ணி ஆவியும் ஆயில்லயே தங்கிடும். 2000 இல்லன்னா நாலு மாசம், எது முன்னாடி வருதோ அது. குறுவைக்கு ஒன்னு, சம்பா நடவுக்கு ஒன்னு, அறுப்புக்கு ஒன்னுன்னு வச்சுக்கிட்டா அப்பாவுக்கும் மறக்காது.


வெண்ணாத்தங்கரை:

லேட்டா எழுதுறதுக்கு மன்னிக்கணும், அறுப்பு மிஷின் வந்துருச்சு, அதுக்கப்புறம் வைக்கோல் கட்டுறதுன்னு பத்து நாள் ஓடிப்போச்சு.

வேலை முடிஞ்சுது. வேற மெக்கானிக்குட்ட குடுத்தேன், பக்கத்துலயே ஒக்காந்து பாத்தேன். வால்வு சீல் ரெண்டும் பிளாஸ்டிக் மாதிரி வெறச்சு போயி இருந்துச்சு, நகத்தால அமுக்குனா பொடிஞ்சு உதிருது, புது சீல பக்கத்துல வச்சு பாத்தா அது ரப்பர்னே நம்ப முடியல. கைடு நல்லா இருக்குன்னாரு, வால்வ விட்டு ஆட்டி காமிச்சாரு. போர அளந்து பாத்தாரு, இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாராளமா ஓட்டலாம்ங்கறாரு. கிளட்ச் கவர தொறந்து அந்த கிண்ண ஃபில்டர் மூடிய கழட்டுனதும் சிரிச்சுட்டோம், ஓரம் பூரா கருப்பா மெழுகு மாதிரி கெட்டியா அப்பிக்கிட்டு இருக்கு, ஸ்க்ரூ டிரைவரால வழிச்சு எடுத்தா நெல்லிக்கா சைசுக்கு ஒரு உருண்டை. உள்ள ஆத்து வண்டல் மாதிரி நறநறன்னு. கேஸ்கெட்டு, சீலு, கூலி எல்லாம் சேத்து ஆயிரத்தி எரநூறு ஆச்சு, 20-40 ஆயில் தனி. ஆயில ஊத்துறப்ப டப்பாவ முழுசா கவுக்காம குச்சிய திருகாம வச்சு வச்சு பாத்து தான் ஊத்துனோம், மேல்கோட்டுக்கு கொஞ்சம் கீழ நிறுத்தியாச்சு, பேக்குல கொஞ்சூண்டு மிஞ்சிருக்கு.

டேப்பெட் சத்தம் முழுசா போவல, ஆனா பழைய கடகடப்பு இல்ல, தையல் மிஷின் மாதிரி இருக்கு. காலையில பொகை இல்ல. டாப்பு கியர்ல இழுவை நல்லா தெரியுது, அப்பாவே சொன்னாரு. டிப் ஸ்டிக்க திருகாம பாக்கணும்னு மட்டும் சொன்னா ஒத்துக்க மாட்டேங்குறாரு, "அப்ப மூடில மரை எதுக்குடா வச்சிருக்கான்"ங்கறாரு. அதனால சனிக்கெழமை சனிக்கெழமை நானே பாத்துடுறது.

சித்தப்பாவுக்கு மட்டும் வருத்தம், அந்த பக்கெட்டு இன்னும் அப்படியே கெடக்கு.


ஒரத்தநாடு டிராக்டர்:

அந்த பக்கெட்ட எனக்கு அனுப்புங்க 😂. அது கெடக்கட்டும், வடிச்ச பழைய ஆயில என்ன பண்ணீங்க? வாய்க்கால்ல ஊத்தலயே?


வெண்ணாத்தங்கரை:

இல்லண்ணே, மாட்டுக்கொட்டாய் மூங்கில் காலுக்கு பூசிட்டாரு அப்பா, கரையான் வருதுன்னு. மிச்சம் பட்டறை பேரல்ல ஊத்தியாச்சு.

இன்னிக்கு பாத்தேன், சீல் மாத்துனதுலேந்து 400 கிலோமீட்டர் ஓடிருக்கு, உறவுக்காரங்க வீட்டு விசேஷத்துக்கு பட்டுக்கோட்டை ரெண்டு தடவை போயிட்டு வந்ததுல மீட்டர் ஏறிடுச்சு. குச்சில ஒரு நெல்லு மணி அகலத்துக்கு எறங்கிருக்கு. இது பரவால்லயா?


கும்மோணம் ஒர்க்‌ஷாப்:

பரவால்ல, பழைய இன்ஜின் அவ்வளவு கூட குடிக்கலன்னா எப்படி. மிஞ்சுன ஆயில பத்திரமா வச்சிரு, ஆயிரம் வந்ததும் அதயே டாப் அப் பண்ணிக்க. அடுத்த நானூறுக்கு ரெண்டு நெல்லு மணி எறங்குனா பட்டறைக்கு எடுத்துட்டு வா.